பிள்ளைகளின் சிறுநீரக நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்போம்



பல்வலி வந்தால் பிள்ளை அழும். காது குத்தினால் இரவெல்லாம் தூங்காது. வயிறு வலித்தால் சுருண்டு படுக்கும். ஆனால் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கும்போது பெரும்பாலும் நோவே இருக்காது. "புள்ளைக்கு ஒன்னும் இல்லீங்க, நல்லாத்தான் ஓடி வெளையாடுது" என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் காலத்திலேயே உள்ளே பழுது நடந்துகொண்டிருக்கலாம். முகம் வெளுத்து, சாப்பாடு இறங்காமல், வாந்தி வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது பாதிக்கு மேல் போயிருக்கும். போனது திரும்பி வராது.

ஆகவே இந்த மாதப் பாடம் இதுதான். நோவு வரும்வரை காத்திருக்காமல், பிள்ளையின் சிறுநீரிலும் இரத்தத்திலும் உள்ள அடையாளங்களை வைத்து நோயை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதில் நாம் செய்ய வேண்டிய வேலை என்ன? இந்த அடையாளங்களை டொக்டர்மார் பயோமார்க்கர் என்பார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் விளங்கக்கூடியதுதான்.

1. சிறுநீரகம் செய்யும் வேலை

நம் பெரியவர்கள் குண்டிக்காய் என்று சொல்லும் சிறுநீரகங்கள் இரண்டும் முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்புகளை ஒட்டி இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் சின்னஞ்சிறு வடிகட்டிகள் உண்டு. தேயிலை பெக்டரியில் சலிக்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள். சல்லடை நன்றாக இருந்தால் தூள் கீழே போகும், வேண்டியது மேலே நிற்கும். சிறுநீரகத்தின் சல்லடையும் அப்படித்தான். இரத்தத்தில் உள்ள கழிவையும் தண்ணீரையும் கீழே விடும், புரதத்தை மேலேயே நிறுத்தி வைக்கும்.

சல்லடைக்குக் கீழே மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 180 லீட்டர் வடிகிறது. அவ்வளவும் வெளியே போனால் மனிதன் பிழைக்க முடியாது. குழாய்கள்தான் தண்ணீரையும் உப்பையும் திரும்ப உறிஞ்சி எடுக்கின்றன. கடைசியில் ஒன்றரை லீட்டர் அளவுதான் சிறுநீராகப் போகிறது.

ஆக, பழுது இரண்டு இடத்தில் வரலாம். ஒன்று சல்லடையில், மற்றது குழாயில். இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு விஷயம். இந்த வடிகட்டிகள் தாயின் வயிற்றிலேயே உண்டாகி முடிந்துவிடுகின்றன. பிறந்து வளர்ந்த பின் புதிதாக ஒன்றும் உண்டாகாது. மாதம் நிறையாமலோ எடை குறைந்தோ பிறக்கும் பிள்ளைக்கு வடிகட்டிகள் குறைவாக இருக்கலாம். எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் நாட்டின் மற்றப் பகுதிகளை விடத் தோட்டப் பகுதியில்தான் அதிகம். ஆகவே இது நமக்கு வேண்டிய பாடம்.

2. கிரியேட்டினின்: பிந்திச் சொல்லும் அடையாளம்

சிறுநீரகத்துக்கு இரத்தம் பார்த்தால் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் என்று ஒரு எண் வரும். இது தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்றும். வெளியேற்ற முடியாதபோது இரத்தத்தில் தேங்கும், எண் கூடும்.

குப்பை அள்ள இரண்டு பேர் இருந்து ஒருவர் நின்றுவிட்டாலும் மற்றவர் சமாளித்துக்கொள்வார். குப்பை தேங்குவது உடனே தெரியாது. சிறுநீரகமும் அப்படியே. வேலைத்திறனில் பாதியளவு போகும் வரை கிரியேட்டினின் எண் சாதாரணமாகவே தெரியலாம். அதனால் இது நல்ல அடையாளம்தான், ஆனால் பிந்திச் சொல்லும் அடையாளம்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ரிப்போர்ட்டின் ஓரத்தில் சாதாரண அளவு 0.6 முதல் 1.2 வரை என்ற மாதிரி போட்டிருக்கும். அது பெரும்பாலும் வளர்ந்தவர்களின் அளவு. பிள்ளைக்குத் தசை குறைவு, எனவே கிரியேட்டினினும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். டொக்டர்மார் பிள்ளையின் உயரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, 0.413 ஆல் பெருக்கி, கிரியேட்டினின் எண்ணால் பிரிக்க வேண்டும். வரும் விடை சிறுநீரகத்தின் வேலைத்திறன். இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு அது 90க்கு மேல் இருப்பது நல்லது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 110 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பிள்ளை. கிரியேட்டினின் 0.4 என்றால் விடை 114. நல்லது. அதே உயரமுள்ள இன்னொரு பிள்ளைக்குக் கிரியேட்டினின் 0.9 என்று வைத்துக்கொள்வோம். விடை 50 தான் வரும்! ரிப்போர்ட்டின் ஓரத்தில் உள்ள அளவைப் பார்த்தால் 0.9 சரியானது போலத் தெரியும். அப்பாவுக்கு 0.9 வந்தால் கவலை இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு வந்தால் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது என்று அர்த்தம். சில ஆஸ்பத்திரிகளில் இதையே மைக்ரோமோல் கணக்கில் 80 என்று எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

இந்தக் கணக்கை வைத்து நாமே வைத்தியம் பார்க்கச் சொல்லவில்லை. "ரிப்போர்ட் நோர்மல்னு போட்டிருக்கு" என்று வீட்டில் வைத்துவிடாமல், பிள்ளையின் உயரமும் எழுதிய கிளினிக் புத்தகத்தோடு டொக்டரிடம் காட்ட வேணும் என்பதற்காகவே சொல்கிறோம். மெலிந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். தசை வற்றியிருந்தால் சிறுநீரகம் பழுதாக இருந்தாலும் கிரியேட்டினின் குறைவாகவே காட்டும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு சிஸ்டாட்டின் சி என்ற வேறொரு இரத்தப் பரிசோதனை உதவும். அது தசையின் அளவைப் பெரிதாகப் பொறுத்ததல்ல. எல்லா இடத்திலும் செய்வதில்லை, தேவையென்றால் டொக்டர் எழுதுவார்.

3. அல்புமின்: சல்லடை கிழிந்ததைச் சொல்லும் அடையாளம்

சல்லடையில் ஓட்டை விழுந்தால் மேலே நிற்க வேண்டியது கீழே கொட்டும். சிறுநீரகச் சல்லடையில் பழுது வந்தால் அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் இறங்கிவிடும். கிரியேட்டினின் கூடுவதற்கு வெகுகாலம் முன்னாலேயே இது நடக்கலாம்.

இதைப் பார்க்க எளிய வழி சிறுநீரில் தோய்க்கும் ஸ்ட்ரிப். தோய்த்ததும் நிறம் மாறும். நிறத்தைப் பார்த்து ஒரு பிளஸ், இரண்டு பிளஸ் என்று எழுதுவார்கள். இதைவிட நுட்பமானது, சிறுநீரில் உள்ள அல்புமினையும் கிரியேட்டினினையும் ஒப்பிடும் பரிசோதனை. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் சரி. அதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் காரணம் தேட வேண்டும்.

இந்தப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, நோவு இல்லை. காலையில் ஒரு போத்தல் சிறுநீர் போதும். இவ்வளவு சின்ன வேலை பிள்ளையின் முழு வாழ்க்கையையும் காப்பாற்றலாம்.

4. கிம்-1, என்கல்: குழாய் எழுப்பும் கூச்சல்

இனி புதிய அடையாளங்களுக்கு வருவோம். சல்லடை நன்றாக இருந்து குழாயில் மட்டும் காயம் பட்டால் என்ன செய்வது? அப்போது அல்புமின் அதிகம் இறங்காது. கிரியேட்டினினும் உடனே கூடாது. இரண்டு காவல்காரரும் தூங்கிவிடுவார்கள்.

குழாயின் உயிரணுக்கள் காயப்படும்போது சில புரதங்களைச் சிறுநீரில் விடுகின்றன. அவற்றில் ஒன்று கிம்-1. 1998 இல் விஞ்ஞானிகள் இதைப் பற்றி எழுதினார்கள். நல்ல சிறுநீரகத்தில் இது இருப்பதே அரிது, காயம் பட்டால்தான் வரும். மற்றொன்று என்கல்.

என்கல் எவ்வளவு வேகமாகச் சொல்கிறது என்பது 2005 இல் தெரியவந்தது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரச் சிறுவர் ஆஸ்பத்திரியில் இருதய சத்திர சிகிச்சை செய்த 71 பிள்ளைகளைக் கவனித்தார்கள். அவர்களில் 20 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. கிரியேட்டினின் கூடி அதைக் காட்ட 1 முதல் 3 நாள் எடுத்தது. சிறுநீரில் என்கல் 2 மணித்தியாலத்திலேயே கூடிவிட்டது. இரண்டு மணித்தியாலம் எங்கே, மூன்று நாள் எங்கே! பின்னர் 2023 டிசம்பரில், கடும் நோயால் தீவிர சிகிச்சையில் உள்ள 3 மாதம் முதல் 21 வயது வரையானவர்களுக்கு என்கல் பரிசோதனையைப் பயன்படுத்த அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் அனுமதி கொடுத்தது.

ஆனாலும் இவை மந்திரக்கோல் அல்ல. சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தாலும் என்கல் கூடும். காயத்தின் அடையாளம் என்பது வேறு, நிலையான நோய் என்பது வேறு. கையில் கீறல் பட்டால் ஆறுவது போல சிறுநீரகத்தில் பட்ட சின்னக் காயமும் ஆறலாம். திரும்பத் திரும்பப் படும் காயம்தான் தழும்பாகிறது.

5. நம் நாட்டுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு

இந்தப் புதிய அடையாளங்கள் நம் நாட்டுக்கு ஏன் முக்கியம்? 1990களில் வடமத்திய மாகாணத்தில் மதவாச்சி, பதவியா போன்ற கமப் பிரதேசங்களில் ஒரு சிறுநீரக நோய் பரவலாகக் காணப்பட்டது. நோயாளிகளில் பலருக்குச் சீனி வருத்தமும் இல்லை, பிரஷரும் இல்லை. வயலில் வேலை செய்யும் நடுவயது ஆண்களே அதிகம். காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். சூட்டில் வேலை செய்தல், குடிநீரில் உள்ள புளோரைட், கிருமிநாசினி, உலோகங்கள் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. இதுதான் ஒரே காரணம் என்று முடிவாகவில்லை. பொலன்னறுவையில் சீன உதவியோடு கட்டிய தேசிய சிறுநீரக வைத்தியசாலை 2021 ஜூனில் திறக்கப்பட்டது என்பதிலிருந்தே பாரம் எவ்வளவு என்று விளங்கும்.

இந்த நோய் முதலில் தாக்குவது குழாய்ப் பகுதியை. ஆகவே ஆரம்பத்தில் சிறுநீரில் புரதம் அதிகம் தெரியாது. ஸ்ட்ரிப் சுத்தம் என்று காட்டும், உள்ளே பழுது நடக்கும். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் கிம்-1, என்கல் பக்கம் திரும்பினார்கள்.

பெரியவர்களுக்கு நாற்பது, ஐம்பது வயதில் தெரியும் நோய் பிள்ளைப் பருவத்திலேயே தொடங்குகிறதா என்ற கேள்வியும் எழுந்தது. நோய் மிகுந்த பிரதேசத்துப் பிள்ளைகளின் சிறுநீரகம் பற்றி 2018 இல் ஓர் ஆய்வு வெளியானது. 2022 இல் மாத்தறை ருகுணு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளிநாட்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கமத்தொழில் செய்யும் சில கிராமங்களின் பிள்ளைகளுடைய சிறுநீரில் காய அடையாளங்கள் கூடுதலாகக் காணப்பட்டதாக எழுதினார்கள். அந்தப் பிள்ளைகள் எல்லாரும் நோயாளிகள் என்பது இதன் பொருளல்ல. கவனித்துக்கொண்டே இருக்க வேண்டிய பிள்ளைகள் என்பதே பொருள்.

மலையகத் தேயிலைத் தோட்டங்கள் அந்த நோய்க்குப் பேர்போன இடங்கள் அல்ல. ஆனால் நம் உறவுகள் எங்கும் இருக்கிறார்கள். 1977 கலவரத்துக்குப் பின் இங்கிருந்து போய் வவுனியாப் பக்கம் குடியேறிய குடும்பங்கள் பல. வவுனியாவிலும் அந்த நோய் உண்டு. அங்கே அண்ணன், அக்கா, மாமா குடும்பம் இருந்தால் இந்தப் பாடத்தை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

6. நம் பிள்ளைகளுக்கு வரும் சிறுநீரக நோய்கள்

நம் லயங்களில் பிள்ளைகளைத் தாக்குவது பெரும்பாலும் வேறு நோய்கள். அவற்றுக்கு நாமே பார்த்து அறியக்கூடிய அடையாளங்கள் உண்டு.

பிறவிக் குறை: சிறுநீர் போகும் வழியில் அடைப்பு, அல்லது சிறுநீர் பைக்குள்ளிருந்து மேலே திரும்பிப் போதல். ஆண் குழந்தை சிறுநீர் கழிக்கும்போது பீலித் தண்ணீர் போலப் பாய வேணும். சொட்டுச் சொட்டாக வந்தால் உடனே காட்டுங்கள்.

கிருமித் தொற்று: சளியும் இல்லை, இருமலும் இல்லை, காய்ச்சல் மட்டும் விட்டு விட்டு வருகிறது என்றால் சிறுநீரைப் பார்க்கச் சொல்லுங்கள். கைக்குழந்தைக்கு இது மிக முக்கியம்.

முகம் வீங்குதல்: காலையில் எழும்பும்போது கண் இமை வீங்கி, பகலில் கால் வீங்கி, சிறுநீரில் நுரை நின்றால் அது சல்லடைப் பழுது. "கண்ணில் பூச்சி கடிச்சிருக்கும்" என்று விடாதீர்கள். மாத்திரையால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது அடங்கும்.

தேத்தண்ணி நிறத்தில் சிறுநீர்: தொண்டைப் புண் வந்து ஒன்று முதல் மூன்று வாரத்தில், அல்லது சொறி சிரங்கு புண்ணாகி மூன்று முதல் ஆறு வாரத்தில் வரலாம். சாயம் கூடிய பிளேன்டீ மாதிரி இருக்கும். சிறுநீர் குறையும், பிரஷர் கூடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேணும். பெரும்பாலான பிள்ளைகள் முழுதாகத் தேறுவார்கள். ஆனால் கூடிய பிரஷரைக் கவனிக்காவிட்டால் வலிப்பு வரலாம்.

மெல்ல வரும் அடையாளங்கள்: வயதுக்குத் தக்க உயரம் இல்லை, முகம் வெளுப்பு, இரவில் எழும்பி எழும்பித் தண்ணீர் குடிக்கிறது, படுக்கையில் போவதை நிறுத்திய பிள்ளை மறுபடி போகிறது. "எங்க பரம்பரையே கட்டைதான்" என்று சொல்லிவிடாமல், கிளினிக் புத்தகத்தில் உள்ள வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள். கோடு கீழே சாய்ந்தால் காரணம் கேளுங்கள்.

7. எந்தப் பிள்ளைக்குக் கட்டாயம் சிறுநீர் பார்க்க வேணும்?

மேலே சொன்ன அடையாளம் ஏதும் உள்ள பிள்ளை. இரண்டரை கிலோவுக்குக் குறைவாகவோ மாதம் நிறையாமலோ பிறந்த பிள்ளை. ஒரு தடவையாவது சிறுநீர்த் தொற்று வந்த பிள்ளை. ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்றோ ஒரே சிறுநீரகம் என்றோ சொல்லப்பட்ட பிள்ளை. குடும்பத்தில் சின்ன வயதிலேயே சிறுநீரகம் பழுதானவர் இருந்தால் அந்த வீட்டுப் பிள்ளை. இவர்களுக்குச் சிறுநீரோடு பிரஷரையும் பார்க்க வேணும். பிள்ளைக்கும் பிரஷர் வரும். சின்னக் கைக்கு ஏற்ற சின்னப் பட்டி கட்டிப் பார்க்க வேணும்.

முன்கூட்டிக் கண்டுபிடித்து என்ன லாபம் என்று கேட்கலாம். ஐரோப்பாவில் சிறுநீரக நோயுள்ள 385 பிள்ளைகளை 5 வருடம் கவனித்து 2009 இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எல்லாரும் ஒரே மருந்து எடுத்தார்கள். பிரஷரைச் சாதாரண அளவில் வைத்திருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேருக்குச் சிறுநீரகத் திறன் பாதியாகக் குறைந்தது அல்லது முற்றாகச் செயலிழந்தது. பிரஷரை இன்னும் இறுக்கிக் குறைத்து வைத்த பிள்ளைகளில் அது நூற்றுக்கு 30 ஆகக் குறைந்தது. நோய் இருப்பது தெரிந்தால்தானே பிரஷரைக் கட்டுப்படுத்த முடியும்? அடைப்பு என்றால் நேரத்துக்குச் சத்திர சிகிச்சை செய்யலாம். தொற்று என்றால் மருந்து கொடுக்கலாம். பிந்திவிட்டால் மிஞ்சுவது இரத்தம் சுத்திகரிப்பதும் சிறுநீரகம் மாற்றுவதும்தான்.

8. சிறுநீர் எடுக்கும் முறை

காலையில் எழும்பியதும் கழிக்கும் முதல் சிறுநீர்தான் நல்லது. முதலில் கழுவித் துடையுங்கள். தொடக்கத்தில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். ஆஸ்பத்திரியில் தரும் போத்தலையே பாவியுங்கள். மருந்துப் போத்தல், ஜாம் போத்தல் வேண்டாம், அதில் ஒட்டியிருப்பது ரிப்போர்ட்டைக் கெடுக்கும். பிடித்த ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுக்கப் பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தாலோ முதல் நாள் கடுமையாக ஓடி விளையாடியிருந்தாலோ அதையும் சொல்லுங்கள்.

"இதுக்காக ஒரு நாள் பேர் போகுமே" என்ற கவலை நமக்குத் தெரியும். முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் ஸ்ட்ரிப் இருக்கிறதா என்று கேளுங்கள். கிளினிக் நாளில் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். பல பிள்ளைகள் இருந்தால் லயத்தில் ஒருவரோடு ஒருவர் பேசி ஒரே நாளில் கூட்டிப் போகலாம். ஒரு நாள் பேரை நினைத்து விட்டுவிட்டால், பிறகு வாரம் இரண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடக்க நேரலாம்.

9. கொழும்பில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு

நம் தோட்டங்களிலிருந்து கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போன பலர் வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கம் பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறார்கள். வெள்ளவத்தை, தெஹிவளையில் இருப்பவர்களுக்குக் கிட்டிய பெரிய ஆஸ்பத்திரி களுபோவிலையில் உள்ளது. கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை என்பது அதன் பெயர். காலி வீதியில் தெஹிவளைச் சந்தியில் இறங்கி உள்ளே போக வேணும். ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் படிக்கும் இடம் அது, பிள்ளைகளுக்கான வாட்டுகளும் உண்டு. கொட்டாஞ்சேனையில் இருப்பவர்கள் பொரளையில் உள்ள லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போகலாம். மலையகத்தில் உள்ளவர்களுக்குப் பேராதனை கிட்ட. இவை எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரிகள், பார்க்கக் காசு இல்லை.

போகும்போது கிளினிக் புத்தகம், பழைய ரிப்போர்ட், குடிக்கும் மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சிங்களம் சரளமாக வராதவர்கள் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது. டொக்டர் சொன்னது விளங்காவிட்டால் வெட்கப்படாமல் திரும்பக் கேளுங்கள். "பிள்ளையின் உயரத்துக்கு இந்தக் கிரியேட்டினின் சரியா?" "சிறுநீரில் புரதம் இருக்கிறதா?" "பிரஷர் எவ்வளவு?" இந்த மூன்று கேள்வியையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனாலும் சரி.

10. தாய்மார் எங்களிடம் கேட்கும் கேள்விகள்

கேள்வி: ஸ்ட்ரிப்பில் ஒரு பிளஸ் வந்தது. கிட்னி போச்சா?

பதில்: இல்லை. காய்ச்சலிலும் வரும், ஓடி விளையாடினாலும் வரும். சில பிள்ளைகளுக்கு நின்று நடமாடும்போது மட்டும் வரும், படுத்து எழும்பிய காலைச் சிறுநீரில் இருக்காது. காலைச் சிறுநீரைத் திரும்பப் பார்க்க வேணும். பயப்படவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம்.

கேள்வி: அந்த என்கல், கிம்-1 டெஸ்டைக் காசு கொடுத்துச் செய்யலாமா?

பதில்: நீங்களாகப் போய்ச் செய்ய வேண்டாம். அவை இப்போதைக்குப் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கும் கடும் நோயாளிகளுக்கும் உரியவை. கடன் வாங்கிச் செய்து கையில் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு கலங்குவதால் பலன் இல்லை. சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை, பிரஷர், உயரம், எடை இவை நான்கும் முதலில்.

கேள்வி: மாத்திரை போட்டதும் வீக்கம் வத்திருச்சு. நிறுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. வீக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. டொக்டர் சொல்லும் கணக்கில்தான் குறைக்க வேணும். வீட்டிலேயே ஸ்ட்ரிப் வைத்துப் பார்த்துக் கொப்பியில் எழுதவும் பழக்குவார்கள். அந்தக் கொப்பியை பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: காய்ச்சலுக்கும் வலிக்கும் கடையில் மருந்து வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: பரசிட்டமோல் எடைக்கு ஏற்ற அளவில் கொடுக்கலாம். மற்ற வலி மருந்துகளை டொக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வாந்தியும் வயிற்றோட்டமும் உள்ள பிள்ளைக்கு அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்போது வேண்டியது ஜீவனி கரைத்த தண்ணீர். என்ன சேர்த்தது என்று தெரியாத கசாயமும் வேண்டாம். காமரங்காய்ச் சாறும் சிறுநீரகத்துக்குக் கெடுதல், நோயுள்ள பிள்ளைக்கு நஞ்சு மாதிரி.

கேள்வி: பள்ளிக்கூடத்தில் சிறுநீரை அடக்கிக்கொள்கிறாள். அதனால் கெடுதலா?

பதில்: ஆம். கக்கூஸ் சரியில்லை என்று பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள். அடக்குவதால் தொற்று வரும். இது பிள்ளையின் தப்பு இல்லை. பெற்றார் கூட்டத்தில் கக்கூஸ் பற்றி எழும்பிக் கேளுங்கள்.

11. சங்கக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

இந்தப் பாடத்தை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். பிறகு இவற்றைப் பற்றிப் பேசுங்கள்.

நம் தோட்டத்தில் இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு ஒரு தடவையாவது சிறுநீர் பார்த்தோமா? டிஸ்பென்சரியில் ஸ்ட்ரிப் இருக்கிறதா? இல்லாவிட்டால் தோட்டத் துரையிடம் யார் போய்க் கேட்பது? பிள்ளைக் காம்பராவில் முகம் வீங்கிய பிள்ளையைக் கண்டால் யாருக்கு அறிவிப்பது? பள்ளிக்கூடக் கக்கூஸில் தண்ணீர் வருகிறதா?

நாளைக் காலையிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை எழும்பியதும் கண் இமையைப் பாருங்கள், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள், கிளினிக் புத்தகத்தை எடுத்துப் பிறந்த எடையைப் பாருங்கள். ஏதும் சந்தேகம் இருந்தால் கொழுந்து எடுக்கப் போகுமுன் நலன்புரி ஒபிசில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்தக் கிளினிக் நாளில் போவது என்று நாம் கேட்டுச் சொல்கிறோம்.